அரசியும் பார்க்கவில்லை, ஆரம்பித்தவரும் பார்க்கவில்லை!



எங்க தாத்தாவிடம் சாவி கொடுத்து ஓடவைக்கும் பழைய எச்.எம்.டி. வாட்ச் ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருக்கும். “வாட்சுக்குள்ள 17 நகையா தாத்தா?” என்று கேட்டேன். “நகை இல்லடா, கல்லு!”ன்னு சிரிச்சார். அந்தக் கல்லைப் பற்றித் தேடிப் படித்தபோது கிடைத்ததுதான் இந்தத் தங்கக் கடிகாரத்தின் கதை.

1783-ஆம் ஆண்டு பாரிஸ் நகரம். ஆபிரகாம் லூயி பிரெகே என்ற கடிகாரக் கலைஞரிடம் ஒரு வேலை வந்தது. பிரான்ஸ் அரசி மேரி அன்டாய்னெட்டுக்கு ஒரு பாக்கெட் கடிகாரம் செய்யணும். அன்று தெரிந்த எல்லா நுட்பமும் அதில் இருக்கணும். முடிந்த இடத்திலெல்லாம் தங்கம் போடணும். பணமோ நாளோ எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை!

ஏன் தங்கம்? அழகு மட்டும் காரணமில்லை. தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அது மிருதுவானது. அதனால் விசை தாங்கும் சுருள்வில் போன்றவற்றுக்கு எஃகுதான் வேண்டும். சக்கரங்களின் அச்சு சுழலும் இடங்களில் நீலக்கல்லைப் பதித்தார்கள். கல் சீக்கிரம் தேயாது, உராய்வும் குறையும். தாத்தா வாட்சில் உள்ள 17 கல்லுக்கும் இதே வேலைதான்!

சரி, அந்தக் கடிகாரம் என்னென்ன செய்யும்?

* சட்டைப் பையில் வைத்து நடந்தாலே போதும். உள்ளே ஒரு எடை ஆடி, தானே சாவி கொடுத்துக்கொள்ளும்.
* இருட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் மணி அடித்து நேரம் சொல்லும். 3 மணி 37 நிமிடம் என்றால், மணிக்கு 3, கால் மணிகளுக்கு 2, மீதி நிமிடங்களுக்கு 7 அடி. கரண்ட் லைட் இல்லாத காலம் அல்லவா!
* தேதி காட்டும். பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்பதும் அதற்குத் தெரியும்.
* சூரியன் காட்டும் நேரத்துக்கும் கடிகார நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். நவம்பர் தொடக்கத்தில் இது சுமார் 16 நிமிடம்!
* வெப்பமானியும் உண்டு.

மொத்தம் 823 பாகங்கள். குறுக்களவு சுமார் 6 சென்டிமீட்டர்தான். அதாவது, நம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பேட்டரி கிடையாது. எல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும்தான்!

ஆனால் காலம் காத்திருக்கவில்லை. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-இல் அரசி கொல்லப்பட்டார். பிரெகேயும் பாரிஸை விட்டு சுவிட்சர்லாந்துக்குப் போய், 1795-இல் திரும்பினார். யாருக்காகச் செய்தார்களோ அவரே இல்லை. இனி எதுக்குன்னு விட்டிருக்கலாம். விடவில்லை. 1823-இல் பிரெகேயும் இறந்தார். அவருடைய பட்டறைக்காரர்கள் 1827-இல் அதை முடித்தார்கள். 44 ஆண்டுகள்!

கதை அதோடு முடியவில்லை. பிற்காலத்தில் அது ஜெருசலேமில் ஒரு அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1983 ஏப்ரலில் மற்ற சுமார் நூறு கடிகாரங்களோடு சேர்த்து அதைத் திருடிவிட்டார்கள். திருடியவர் 2004-இல் இறந்தார். அதற்குப் பிறகு, 2006-இல்தான் அது அருங்காட்சியகத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

இதைப் படித்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. “சார் பார்க்கவா போறாரு?”ன்னு நாம ரெக்கார்டு நோட்டில் படத்தை அவசரமாக வரைந்து மூடிவிடுகிறோம். அந்தப் பட்டறைக்காரர்களைக் கேட்க அரசியும் இல்லை, பிரெகேயும் இல்லை. சின்னச் சக்கரத்தைக்கூட அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள்.

வீட்டில் சாவி கொடுக்கும் வாட்ச் இருந்தால் காதில் வைத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்பது, சுருள்வில்லின் விசையை ஒரு சின்ன நெம்புகோல் பல் பல்லாகத் தடுத்துத் தடுத்து விடும் சத்தம். நான் இப்போது தினமும் கேட்கிறேன். தாத்தா வாட்சுக்குச் சாவி கொடுக்கும் வேலை இனி என்னுடையது!

– 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்