அரக்கில் சுழன்ற ஜாஸ்

பரண் பெட்டியில் தியாகராஜ பாகவதரின் கிராமபோன் தட்டு ஒன்று கிடைத்தால் துடைத்து எடுத்து வைக்கிறோம். அதே பெட்டியில் ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒலிக்கும் நடன இசைத்தட்டு இருந்தால் ‘வெள்ளைக்காரன் பாட்டு’ என்று காயலான் கடைக்குத் தள்ளிவிடுகிறோம். இந்தப் பாகுபாட்டுக்கு நியாயமில்லை என்பது என் கட்சி. இந்தியாவில் பதிவான ஜாஸ் தட்டுகளும் நம் இசை வரலாற்றுக்குச் சேர வேண்டியவைதான்.

முதலில் தட்டையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் கறுப்புத் தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. மரக்கிளையில் அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி சுரக்கும் பிசின் அது. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகையும், ஓசூருக்கு மேற்கே சன்னப்பட்டணத்து மரப் பொம்மைகளின் பளபளப்பும் அதே சரக்குதான். அதோடு கல்பொடியும் கரியும் கலந்து, சூடாக்கி அழுத்தினால் தட்டு தயார். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி சோட்டா நாக்பூர் காடுகளில் விளைந்து கல்கத்தா வழியே கப்பலேறியது. இரண்டாம் உலகப் போரால் அந்த வரத்து தடைபட்டபோது, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்கான அரக்கில் 70 சதவீதத்தை வெட்டியது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கும் நிலைமை கம்பெனிகளுக்கு வந்தது. டியூக் எலிங்டன் அமெரிக்காவில் வாசித்த இசைக்கும் நம் காட்டுப் பிசின் தேவைப்பட்டிருக்கிறது.

மூலப்பொருள் தந்தவன் கலைக்குச் சொந்தம் கொண்டாடலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். அரக்குச் சுரண்டிய ஆதிவாசிக்கு அந்த இசையிலும் பங்கில்லை, லாபத்திலும் பங்கில்லை. ஆனால் இந்தியாவின் பங்கு அரக்கோடு நிற்கவில்லை. கிராமபோன் கம்பெனி 1908இலேயே கல்கத்தாவின் சியால்டாவில் தட்டு அச்சிடும் தொழிற்சாலையைத் திறந்தது. 1928இல் டம்டமில் அதைவிடப் பெரியது வந்தது. 1935இல் லியோன் அபே என்ற கறுப்பின அமெரிக்கர் தன் குழுவோடு பம்பாய் தாஜ் ஹோட்டலில் வந்து வாசித்தார். அடுத்த ஆண்டு ட்ரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித் பம்பாயிலேயே தட்டுகள் பதிவு செய்தார். பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் வாசித்து, கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பல தட்டுகள் தந்து, 1945இல் அந்த ஊரிலேயே காலராவில் இறந்தார். இவர்களோடும் இவர்களுக்குப் பின்னும் வாசித்தவர்களில் கோவாக்காரர்கள் பலர். சர்ச் பள்ளிகளில் மேற்கத்திய இசைக்குறிப்பு படித்துத் தேறியவர்கள். ‘சிக் சாக்லேட்’ என்று பேர் வாங்கிய அந்தோனியோ சேவியர் வாஸ், சொந்தக் குழுவை நடத்தித் தட்டுகள் வெளியிட்டார்.

அதெல்லாம் அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பார்த்து அடித்த காப்பி என்பது அடுத்த வாதம். சாக்லேட்டை ‘இந்தியாவின் ஆர்ம்ஸ்ட்ராங்’ என்றே விளம்பரப்படுத்தினார்கள், உண்மைதான். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1984இல் இங்கே ஜப்பான் தொழில்நுட்பத்தில் இண்ட்-சுசுகி வண்டி ஓடத் தொடங்கியது. 2001இல் சுசுகியுடனான கூட்டு முறிந்தபோது டிவிஎஸ் கையில் சொந்த வடிவமைப்பான விக்டர் இருந்தது. பார்த்துச் செய்யாமல் கைவந்த தொழில் எது? சாக்லேட்டும் ராத்திரி ஹோட்டல் மேடை, பகலில் சினிமா ஸ்டூடியோ என்று வாழ்ந்தார். இந்தி இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக இருந்தார், ‘அல்பேலா’ (1951) படத்தில் திரையிலும் தோன்றினார். வாய்மெட்டைப் பெரிய வாத்தியக் குழு வாசிக்கும்படி குறிப்பெழுதிக் கொடுத்ததில் கோவாக்காரர்களின் உழைப்பு இந்தி சினிமா முழுக்க இருக்கிறது. தமிழில் சந்திரபாபுவின் துள்ளல் பாட்டுகளையும், ‘புதிய பறவை’யில் (1964) விஸ்வநாதன்–ராமமூர்த்தி போட்ட விருந்துக் காட்சிப் பாடல்களையும் கேளுங்கள், நடனக் குழுக்களின் சாயல் பிடிபடும். சினிமாப் பாட்டு மூன்று, மூன்றரை நிமிடத்தில் முடியும் பழக்கம்கூடப் பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் கொள்ளும் அளவுதான்.

மேட்டுக்குடி இசைதானே என்றால், அந்தக் குற்றச்சாட்டில் பாதி சரி. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூர் கண்டோன்மென்ட். அங்கிருந்த நடனக் கூடங்களின் கதவு இந்தப் பக்கத்து ராகி விவசாயிக்குத் திறந்திருக்காது. தட்டும் ரேடியோவும் டூரிங் டாக்கீஸும் அந்தக் கதவைத் தாண்டி இசையை வெளியே கொண்டுவந்துவிட்டன. சபாவுக்குள் நுழைய முடியாதவர்கள் கர்நாடக இசையைக் கேட்டதும் இப்படித்தான். அதற்காக அந்தத் தட்டுகளை யாரும் தூக்கி எறியச் சொல்வதில்லையே.

ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரி வீடுகளில் இத்தகைய தட்டு இருந்தால் எடைக்குப் போடுமுன் லேபிளைப் படியுங்கள். குழுவின் பெயரும் தட்டு எண்ணும் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும். எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியை வைக்காதீர்கள், பள்ளத்தின் அகலம் வேறு. படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கீழே விழுந்தால் ஓடு மாதிரி நொறுங்கும். பெங்களூரில் ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக் பழைய 78 தட்டுகளை டிஜிட்டலாக்கிவருகிறது; முதலில் அங்கே விசாரியுங்கள்.