கோடா (கோப்பு முறைமை)

கோடா என்பது வலையமைப்பு இணைப்பு துண்டிக்கப்பட்ட வேளையிலும் பொதுக் கோப்புகளைப் பல கணினிகளில் பயன்படுத்த வழிசெய்யும் ஒரு பரவல் கோப்பு முறைமை ஆகும். இது அமெரிக்காவின் கார்னிகி மெலன் பல்கலைக்கழகத்தில் மகாதேவ் சத்தியநாராயணன் தலைமையில் 1987 ஆம் ஆண்டு முதல் உருவாக்கப்பட்டது. இவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1975 இல் இளநிலைப் பட்டமும் 1977 இல் முதுநிலைப் பட்டமும் பெற்றவர். "தரவு எப்பொழுதும் கிடைத்தல்" எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே கோடா என்னும் பெயராகும்.

பின்னணி

இதே பல்கலைக்கழகத்தில் முன்னர் உருவான ஆண்ட்ரூ கோப்பு முறைமையின் இரண்டாம் பதிப்பை அடிப்படையாகக் கொண்டது கோடா. ஆண்ட்ரூ முறைமையில் வழங்கியை அணுக இயலாவிடின் பயனரின் பணி தடைப்பட்டது. இக்குறையை நீக்குவதற்காகக் கோடாவில் ஒரே கோப்பின் படிகள் பல வழங்கிகளில் வைக்கப்பட்டன. இணைப்பற்ற இயக்கமும் சேர்க்கப்பட்டது.

செயல்படும் முறை

பயனரின் கணினியில் இயங்கும் வீனஸ் என்னும் நிரல் மூன்று நிலைகளில் செயல்படுகிறது.

1. சேமிப்பு நிலை: இணைப்பு உள்ளபோது, தேவைப்படக்கூடிய கோப்புகள் முன்கூட்டியே கணினியின் வட்டில் சேர்க்கப்படுகின்றன. எவை முதன்மையானவை எனப் பயனரும் குறிப்பிடலாம்.
2. பதிலி நிலை: இணைப்பு அறுந்தபின் வழங்கியின் பணியை வீனஸே செய்கிறது. மாற்றங்கள் யாவும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாகப் பதியப்படுகின்றன.
3. மீளிணைப்பு நிலை: இணைப்பு திரும்பியதும் அக்குறிப்பேடு வழங்கிக்கு அனுப்பப்பட்டு, மாற்றங்கள் அங்கும் செய்யப்படுகின்றன.

முரண்பாடுகள்

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலைக் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் இரு மாணவர்கள், இணைப்பு இல்லாத நேரத்தில் ஒரே கோப்பைத் தத்தம் கணினிகளில் திருத்துவதாகக் கொள்வோம். பின்னர் வந்ததே சரி எனக் கொண்டால் முதல் மாணவரின் உழைப்பு அழிந்துவிடும். இணைப்பு இல்லாதபோது எழுதுவதையே தடுத்தால் இருவரின் பணியும் நின்றுவிடும்.

கோடா எழுத அனுமதித்து, முரண்பாட்டைப் பின்னர் கண்டறிகிறது. இதற்குக் கடிகார நேரத்தை நம்பாமல், ஒவ்வொரு படியும் பெற்ற மாற்றங்களைக் குறிக்கும் பதிப்பு எண்களை ஒப்பிடுகிறது. ஒரே கோப்புறையில் இருவர் வெவ்வேறு பெயர்களில் கோப்புகளைச் சேர்த்திருந்தால் அவை தானாகவே இணைக்கப்படும். ஒரே கோப்பின் உள்ளடக்கம் இருபுறமும் மாறியிருந்தால் இரண்டும் காக்கப்பட்டு, முடிவு பயனரிடம் விடப்படும்.

இவ்வணுகுமுறைக்கு ஓர் ஆய்வு துணைநின்றது. ஆண்ட்ரூ முறைமையின் பயன்பாட்டை அளந்தபோது, 99 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட மாற்றங்களை அக்கோப்பை முன்னர் மாற்றியவரே செய்திருந்தார். எனவே முரண்பாடுகள் அரிது எனக் கருதப்பட்டது. இம்முடிவுகளை சேம்சு கிசுட்லரும் சத்தியநாராயணனும் 1991 இல் வெளியிட்டனர். பலர் ஒரே கோப்பில் எழுதும் சூழலுக்கு இவ்வெடுகோள் பொருந்தாது.

தாக்கம்

கோடாவின் கருத்துகள் மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 2000 இயங்குதளத்திலும் அவுட்லுக் 2003 மென்பொருளிலும் இடம்பெற்றன. ஒரே கோப்பு இரு கணினிகளில் மாறியிருப்பின் இரண்டையும் தனித்தனிப் பெயரில் வைத்திருக்கும் இன்றைய ஒத்திசைவுச் சேவைகளும் இதே சிக்கலையே எதிர்கொள்கின்றன.