கூட்டாளி போன வழியில் ஒரு கமரா

கல்முனைக் கரையில் ஒருவர் மௌத்தானால் பொழுதுபடுவதற்குள் சந்தியில் பதாகை ஏறிவிடும். இளைஞர் என்றால் கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தையே பெரிதாக்கியிருப்பார்கள். கீழே கழகத்தின் பெயர், ஒரு துஆ. அடுத்த வருடம் அவர் பெயரில் ஞாபகார்த்தக் கிரிக்கெட் சுற்றுப்போட்டி நடக்கும். எழுதுகிறவர் என்றால் நினைவு மலர் வரும். கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்யும் கூட்டாளிகள் காசு சேர்த்து, நிலைத்த தர்மமாக எங்காவது ஒரு கிணறு தோண்டிக் கொடுப்பார்கள். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர் இருக்கும்வரை அந்த நன்மை போய்ச் சேரும் என்பது ஊரின் நம்பிக்கை. ஆனால் இவையெல்லாம் காப்பாற்றுவது பெயரை. அவன் எந்தக் கடையில் பிளேன்டீக்குக் கடன் வைத்தான், கோபம் வந்தால் எந்தச் சொல்லைச் சொன்னான், எந்த வளைவில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்குவான் என்பதெல்லாம் கூட்டாளிகளின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பத்து வருடத்தில் அதுவும் மங்கிவிடும். இறந்தவனோடு ஒருகாலத்தில் போன வழியிலேயே திரும்பப் போய், அவனைத் தெரிந்தவர்களை அந்தந்த இடத்தில் நிறுத்திப் பேசவிட்டு, அதைப் படமாக எடுப்பது இன்னொரு முறை. பதாகையும் சுற்றுப்போட்டியும் செய்யாத வேலையை இது செய்யும் என்பதும், பிற ஊர்களைவிட இந்தக் கரைக்கே இது அதிகம் தேவை என்பதும் என் வாதம்.

இப்படியொரு பயணத்தைக் கதையாக வைத்து ஜோன் ஆபிரகாம் 1986இல் எடுத்த மலையாளப் படம் 'அம்ம அறியான்'. தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' எடுத்த அதே ஜோன்தான். வயநாட்டிலிருந்து புறப்பட்ட ஓர் இளைஞன் வழியில் ஒரு பிணத்தைக் காண்கிறான். எங்கோ பார்த்த முகம். யார், யார் என்று கேட்டுக்கொண்டே போனால், தபேலா வாசிக்கிற ஹரி என்று தெரியவருகிறது. கொச்சியிலிருக்கும் தாயிடம் செய்தியைச் சொல்லியாக வேண்டும். அவன் தெற்கே இறங்கி வர வர, ஹரியைத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் சேர்ந்துகொள்கிறார்கள். தாயின் முன்னால் போய் நிற்கும்போது அது ஒரு கூட்டமாகிவிட்டது. ஒவ்வொருவர் வாயிலும் வருவது ஒவ்வொரு ஹரி. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னது திருத்துகிறது. படத்துக்கான பணத்தையும் ஜோனும் ஒடேசா என்ற கூட்டமைப்பும் சனங்களிடம் சிறுகச் சிறுகத்தான் திரட்டினார்கள். மறு வருடமே ஜோன் போய்விட்டார். கதைப்படம்தான் என்றாலும் ஒரு தொழில் நுட்பத்தை அது காட்டிக்கொடுக்கிறது. இறந்தவனைப் பற்றி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஆள் பேசினால் அது இரங்கலுரையாகிவிடும். வழியில் பத்துப் பேரைக் கேட்டால்தான் ஆள் வெளியே வருவான்.

இலங்கையில் இதற்கு மிகக் கிட்ட நிற்பது ஜூட் ரட்ணம் எடுத்து 2017இல் கான் விழாவில் காட்டப்பட்ட ஆவணப்படம் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. ஒருகாலத்தில் இயக்கத்தில் இருந்து பிறகு கனடாவுக்குப் போன அவரது உறவினர் ஒருவர் திரும்பி வந்து, பழைய இடங்களையும் பழைய ஆட்களையும் தேடிப் போகிறார். வெவ்வேறு இயக்கங்களில் இருந்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று பேசுகிறார்கள். தொலைபேசியில் கேட்டால் வராத பேச்சு அது. இடத்துக்கு அப்படியொரு வலு உண்டு. நின்ற இடத்தில் மறுபடி நிற்கும்போது மறந்தது வாய்க்கு வந்துவிடும். நிந்தவூர்க் கடற்கரையில் கரைவலை இழுத்த ஒருவரை வீட்டு விறாந்தையில் வைத்துக் கேட்டால் 'நல்ல மனுசன்' என்பதோடு முடித்துவிடுவார். கயிற்றைக் கையில் கொடுத்தால், இடப்பக்கம் யார் நின்றான், பாட்டு எடுத்தவன் யார், மீனில்லாத நாளில் ஏசியவன் யார் என்று வரிசையாக வரும்.

இந்தக் கரையின் வழியைப் பாருங்கள். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனறாகலை என்று வரும் ஏ4 நெடுஞ்சாலை பொத்துவிலில் கடலைத் தொட்டு வடக்கே திரும்புகிறது. அங்கிருந்து கோமாரி, திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், நடுவே ஒரே வீதி. தமிழ் ஊர் முடிகிற இடத்தில் முஸ்லிம் ஊர் தொடங்கும்; கோயில் மணி ஓயும் தூரத்தில் பாங்கு கேட்கும். இங்கே இரண்டு பேர் கூட்டாளிகளாக இருந்தார்கள் என்றால் இந்த வீதியில்தான் இருந்திருப்பார்கள். பள்ளிக்கூடம், சந்தை, பஸ், படம் பார்த்தது எல்லாமே இதில்தான்.

செத்ததும் பலர் இதில்தான். 1990 ஜூலையில் இதே வீதியின் வடக்கே, குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் இடைமறித்துக் கொண்டுபோன முஸ்லிம் பயணிகள் வீடு திரும்பவில்லை. முப்பது வருடங்களுக்கு மேல் அவர்களுக்கு அடையாளமிட்ட கபுறு இல்லாமலே போயிற்று. அடுத்த மாதம் வீரமுனையில் கோயிலில் தஞ்சமிருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஊர்காவல் படையினர்மீது அந்தப் பழி. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தபோது நாட்டில் மிக அதிகமானோரை இழந்தது அம்பாறை மாவட்டம், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் கரையோர வளவுகள் தரைமட்டமாகின. பிறகு கொவிட். 2020 ஏப்ரலிலிருந்து அதில் இறந்தவர்களுக்குக் கட்டாயத் தகனம். அந்த டிசெம்பரில், இருபது நாள் கைக்குழந்தை எரிக்கப்பட்ட பின் பொரளை கனத்தை மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 மார்ச்சில் அடக்கம் தொடங்கியபோது அது ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர், பல மாவட்டத்தவர், பல மதத்தவர், அந்த மணலில் இருக்கிறார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது 2024 ஜூலையில். ஊர் மையவாடியில், வெள்ளிக்கிழமை தொழுதுவிட்டு நாலு எட்டு நடந்து ஸலாம் சொல்லக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டிய கபுறு, பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருக்கிறது. ஜனாஸாவைத் தோளில் சுமக்கக் கூட்டாளிகளுக்குக் கிடைக்கவில்லை. நடக்காமல் போன அந்த நடையைப் பிந்தியாவது நடப்பதுதான் திரும்பிப் போகும் பயணம். பதாகையால் இதைச் செய்ய முடியாது.

கமரா இந்தக் கரைக்கு வராமலில்லை. கடல் வந்த அன்று கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு கைக்குழந்தையை 81ஆவது நோயாளியாகப் பதிந்தார்கள். அந்த இலக்கமே உலகச் செய்தியாயிற்று. ஒன்பது தாய்மார் ஒரு பிள்ளைக்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்று தலைப்புகள் ஓடின. முறைப்படி உரிமை கோரியது ஒரே ஒரு தம்பதிதான் என்பது பிறகு தெரிந்தது. மரபணுச் சோதனை முடிந்து 2005 பெப்ரவரியில் பிள்ளை அவர்களிடம் போனது. அந்தத் திருத்தம் எத்தனை பேரை எட்டியது? வந்தவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரு தரம் மட்டும் வருகிற கமராவுக்குக் கிடைப்பது முதல் நாள் பேச்சு. கூட்டாளி எடுத்தால் பிழையைத் திருத்த மறுநாளும் அதே வாசலில் போய் நிற்கலாம். நிற்காவிட்டால் வாசல்காரர் வீடு தேடி வந்து ஏசுவார்.

இடமும் நமக்காகக் காத்திருக்காது. ஒலுவிலில் துறைமுகம் கட்டி 2013இல் திறந்தார்கள். வாயில் மணல் அடைத்தது. அதற்கு வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன. தோணி இழுத்து வைத்த இடம், வாடி இருந்த இடம், இரவில் பொடியன்மார் வட்டமாக உட்கார்ந்த இடம் இப்போது தண்ணீர். அங்கே உட்கார்ந்தவர்களில் ஒருவன் மௌத்தாகி, மற்றவர்கள் திரும்பிப் போனால் அவர்களுக்குக் கிடைப்பது அலை மட்டுமே. அந்த அலையைக் காட்டி 'இங்கேதான்' என்று ஒருவர் விரல் நீட்டுகிற காட்சி, இறந்தவனுக்கும் நினைவு, போன கரைக்கும் சாட்சி.

எழுத்து போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, இந்த மண் அதைச் செய்து காட்டியது. கல்முனையில் பிறந்த எம். ஏ. நுஃமான், 1971இல் காலமான அளவெட்டிக் கவிஞர் மஹாகவியைப் பற்றி எழுதியும் அவர் காவியங்களைப் பதிப்பித்தும் அவரை அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தார். நண்பனுக்குச் செய்யும் கடன் இதைவிட வேறில்லை. ஆனால் மஹாகவி எழுதி வைத்துவிட்டுப் போனார். மருதமுனைத் தறிகாரன் விட்டுப் போனது சாரன். அது உடுத்திக் கிழிந்துவிட்டது. குழித்தறியில் கால் மிதிக்கும்போது வரும் சத்தத்தையும், நூல் அறுந்ததும் பேச்சை நிறுத்தி விரலால் முடிச்சுப் போடும் வேகத்தையும் எந்த நினைவு மலரில் அச்சிடுவது? எழுதாதவர்களுக்குத்தான் படம் வேண்டும்.

உருவம் கூடாது என்பது அடுத்த தடை, இந்தக் கரையில் லேசானதல்ல. கமராப் படம் நிழலைப் பிடிப்பதுதான், ஆகும் என்கிற ஆலிம்களும் உண்டு. ஆகாது என்கிறவர்களும் உண்டு. அதைத் தீர்க்க இந்தக் கட்டுரைக்குத் தகுதியில்லை. இறந்தவன் முகம் இல்லாமலும் இந்தப் படத்தை எடுக்கலாம் என்பதை மட்டும் சொல்லலாம். 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மனித உரிமைச் செயற்பாட்டாளர் ராஜனி திராணகம பற்றி 2005இல் கனடாவில் வந்த 'நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்' படத்தில், ராஜனியாக நடித்தவர் அவரது மகள். இல்லாதவரைக் காட்ட உறவும் குரலும் நடையும் போதுமாயிருந்தன. இந்தக் கரையிலோ ஒரு செருப்பு, ஒரு தோணி, ஒரு வெற்றுக் கதிரை போதும். முகத்தைக் காட்டாத படமே நல்ல படமாக வரும் என்பது என் எண்ணம். பார்க்கிறவன் கேட்டுக் கேட்டு ஆளைக் கட்டிக்கொள்வான். மூன்று நாளுக்கு மேல் துக்கம் கூடாது என்பதும் உண்மை. ஆனால் துக்கத்தை நீட்டுவது வேறு, ஆளை நினைப்பது வேறு. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகைக்கு வருடா வருடம் கொடி ஏறுகிறது. அவர் அடங்கியிருப்பது கடலுக்கு அப்பால் நாகூரில். இங்கே இருப்பது நினைவு மட்டுமே. அதிலும் கருத்து வேறுபாடு உண்டு என்றாலும், கபுறு இல்லாத இடத்தில் ஒருவரை நினைப்பது இந்தக் கரைக்குப் பழக்கமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. மௌத்தானவரின் நல்லதைத்தான் பேச வேண்டும். அப்படியானால் படமும் அசையும் பதாகையாகத்தானே முடியும்? வாய்ப்பு உண்டு, பல நினைவுக் காணொளிகள் அப்படித்தான், மெல்லிய இசை, மேலே பறக்கும் ட்ரோன், 'புன்னகை மாறாதவர்'. ஆனால் இதே ஊர் ஜனாஸாத் தொழுகைக்கு முன் என்ன செய்கிறது? மையித்துக்கு யாரிடமாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் எங்களிடம் வாருங்கள் என்று உறவினர் சபையில் அறிவிக்கிறார். இறந்தவன் கடன்காரனாகவும் இருந்திருக்கலாம் என்பதைச் சபையறியச் சொல்ல வெட்கப்படாத வழக்கம் அது. அந்த அளவு நேர்மை படத்துக்கும் போதும். குற்றத்தைத் தோண்ட வேண்டாம், மறைக்கவேண்டியதை மறைக்கலாம். இல்லாத குணத்தை ஏற்றிச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய புண்ணைக் கிளறும் என்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. ஜூட் ரட்ணத்தின் படம் 2018இல் யாழ்ப்பாணத் திரைப்பட விழாவில் எதிர்ப்பு வந்து நிறுத்தப்பட்டது. 1990ஐத் தொட்டால் இங்கேயும் யாராவது கொதிப்பார்கள். ஆனால் இனத்தின் கணக்கை எடுக்கப் போகும் படம் வேறு, ஒருவனின் கணக்கை எடுக்கப் போகும் படம் வேறு. பாண்டிருப்பில் ஒரு தமிழர் தன் கல்முனைக்குடி முஸ்லிம் கூட்டாளியைப் பற்றிச் சொல்லும்போது, அந்த வருடம் ஏன் அவன் வீட்டுக்குப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அது குற்றச்சாட்டாக வராது. போகமுடியாத வருடம் ஒன்று இருந்தது என்று மட்டும் வரும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைத்தொலைபேசி எல்லாரிடமும் இருக்கிறது. கடற்காற்றில் குரல் அடிபடாமலிருக்க ஒரு நல்ல ஒலிவாங்கி வாங்கினால் போதும், ட்ரோனை வீட்டில் வைத்துவிடலாம். பெருநாள் லீவுக்கு வருகிற கூட்டாளிகள் இரண்டு நாள் ஒதுக்கட்டும். ஆனால் புறப்படுவதற்கு முன்னால் இறந்தவனின் உம்மாவிடம் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், எடுத்து முடித்ததை முதலில் அவருடைய வீட்டில், அவருக்கு மட்டும் போட்டுக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொன்ன இடத்தை நீக்கிவிடுங்கள்.