விரல்நுனிச் சந்தை – 9: நட்சத்திரமா, தேதியா?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பலர், எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்பதை மலையடிவாரத்திலேயே கைபேசியைப் பார்த்து முடிவு செய்துவிடுகிறார்கள். கிளியூர் அருவிக்கு இறங்கலாமா வேண்டாமா என்பதைக்கூட முன்பின் தெரியாதவர்கள் போட்ட நட்சத்திரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

அந்த அருவியையே எடுத்துக்கொள்வோம். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூரில் விழுகிறது. நல்ல மழைக்குப் பிறகு போனவர் மனம் குளிர்ந்து ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். மே மாதக் கோடை விழாவுக்கு வந்து, செங்குத்துப் பாதையில் மூச்சிரைக்க இறங்கி, காய்ந்த பாறையைப் பார்த்தவர் ஒன்றுதான் கொடுப்பார். இருவரும் சொல்வது உண்மை. ஆனால் இரண்டையும் கூட்டி வகுத்தால் வரும் மூன்று எந்த மாதத்துக்கும் பொருந்தாது! விமர்சனங்களைப் ‘புதியவை’ என்று வரிசைப்படுத்தி, போன வாரம் யாராவது படம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதே பயன் தரும்.

ஏரிக்கரைக் கூட்டம் வேண்டாம் என்று மாரமங்கலம் போன்ற உட்கிராமங்களின் பக்கம் தங்க இடம் தேடுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அங்கெல்லாம் விமர்சனம் எழுதியவர்களே சிலர்தான். நான்கு பேரில் மூவர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் கொடுத்தால் சராசரி 4.0. அதே ஒரு அதிருப்தி 400 பேருக்கு நடுவில் வந்திருந்தால் 4.99. நகரத்துப் பெரிய ஓட்டல் தாங்கிக்கொள்ளும் அடியில், காபித் தோட்டத்து ஓரம் இரண்டு அறை வைத்திருப்பவர் விழுந்துவிடுவார். அந்த ஒருவரின் குறை என்ன என்று படித்துப் பார்க்க வேண்டும். போன் சிக்னல் கிடைக்கவில்லை என்பதும் படுக்கை விரிப்பு அழுக்கு என்பதும் ஒன்றல்ல.

பொய் விமர்சனம் வேறு கதை. லண்டனில் ஊபா பட்லர் என்ற எழுத்தாளர், தன் தோட்டத்துக் கொட்டகையை உணவகம் என்று டிரிப்அட்வைசரில் பதிவு செய்தார். சவர நுரையை வைத்து உணவுப் படங்கள் எடுத்தார், நண்பர்களை விட்டுப் புகழ்ந்து எழுத வைத்தார். ஒரு தட்டுச் சாப்பாடுகூடப் பரிமாறாத அந்தக் கொட்டகை, 2017 நவம்பரில் லண்டனின் முதல் இடத்தைப் பிடித்தது.

இதைத் தடுக்க 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. எழுதுகிறவர் உண்மையான ஆள்தானா என்று மின்னஞ்சல், தொலைபேசி வழியாக உறுதி செய்ய வேண்டும், விலைக்கு வாங்கிய விமர்சனத்தை வெளியிடக் கூடாது என்கிறது அது. விருப்பமுள்ள நிறுவனங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் அது வந்தது. அமெரிக்காவிலோ, பொய் விமர்சனத்தை விற்பதற்கும் வாங்குவதற்கும் அபராதம் விதிக்கும் விதி 2024 அக்டோபரில் அமலுக்கு வந்துவிட்டது. இங்கும் அப்படியொரு கட்டாயம் வேண்டும். நேர்மையாகத் தொழில் நடத்தும் மலைக்கிராமத்துக்காரரிடம் பொய்ப் புகழை விலைக்கு வாங்கப் பணமும் இல்லை, பொய்ப் புகாரை எதிர்த்து வழக்காட வக்கீலும் இல்லை.

(தொடரும்)