அம்மா வெளியே, கிருமி உள்ளே

கிருமித் தொற்று என்றால் காய்ச்சல் அடிக்கும் என்றுதான் நினைக்கிறோம். பச்சிளம் குழந்தைக்கு அப்படியே நடக்கும் என்றில்லை. உடம்பு சில்லிட்டுப் போகலாம். நேற்றுவரை முட்டி முட்டிக் குடித்த பிள்ளை மார்பில் வாய் வைக்காது. அழுகை ஈனஸ்வரமாகிவிடும். இந்த மாற்றம் முதலில் தாய்க்குத்தான் தெரியும், பக்கத்தில் இருக்க விட்டால்.

டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்த ஆய்வின் முடிவுகள் 2016-ல் வெளியாயின. ரத்தத்தில் தொற்று ஏறிய குழந்தைகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே அது வந்திருந்தது. அவர்களிடம் அதிகம் தென்பட்ட கிருமிகள் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை. அசினெட்டோபாக்டரில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கும் கட்டுப்படாதது. தாயின் உடம்பிலிருந்து இப்படிப்பட்ட கிருமி வருவது அபூர்வம். கை கழுவும் தொட்டியின் ஈரம், சளி உறிஞ்சும் குழாய், சூடு தரும் ஒரே வார்மரில் நெருக்கிப் படுக்கவைத்த இரண்டு பிள்ளைகள், ஒரு குழந்தையைத் தொட்ட கையோடு அடுத்ததற்கு ஓடும் நர்ஸ் என்று இது பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குள்ளேயே சுற்றிவரும் கிருமி. அந்த நர்ஸைக் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பிள்ளைகளுக்குத்தான் அவர் ஒருவரே கை கழுவிக் கழுவி ஓடுவார்?

ஆனால் வாசலில் நிறுத்தப்படுபவர் அம்மா. பீய்ச்சிய பாலைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டு, தையல் வலியோடு வராண்டா தரையில் உட்கார்ந்திருக்கிறார். பால் மட்டும் உள்ளே போகிறது.

இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் எடை குறைந்த குழந்தைகளில் ஒரு குழுவைப் பிறந்த கையோடு தாயின் மார்போடு அணைத்து வைத்துப் பார்த்தார்கள். உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து அணைத்த குழுவில் 28 நாளுக்குள் 15.7 சதவீதம் இறந்தன. உடனே அணைத்த குழுவில் 12 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். 2021-ல் வெளியான இந்த ஆய்வில், உடனே அணைத்த குழுவில் தொற்றுச் சந்தேகமும் குறைவாகவே இருந்தது. தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் பிள்ளை மேல் முதலில் இடம்பிடித்துக்கொள்வதும் காரணமாக இருக்கலாம்.

அம்மாவை உள்ளே விடலாமே என்றால், கூட்டம் சேர்ந்தால் தொற்றும் சேரும், இடமும் இல்லை என்கிறார்கள் மருத்துவர்கள். சொந்தபந்தம் மொத்தமும் உள்ளே வரவேண்டாம். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிய ஒரே ஒருத்தி வந்தால் போதும். சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, பிள்ளையை மார்போடு கட்டிக்கொள்ள ஒரு துணி. அந்த நாற்காலிக்கு இடம் ஒதுக்காமல் புது வார்டுகளுக்கு இன்னமும் வரைபடம் போடுகிறார்களே என்பதுதான் என் கவலை.