இசையும் எழுத்தும் பெயரும்

திரைப்படம் பார்ப்பது ஒன்று. அதனை ஆக்குவது மற்றொன்று. முன்னாளில் படம் ஆக்கும் கலை சென்னை, பம்பாய் முதலிய நகரங்களில் பெரும் படநிலையங்களின் மதில்களுக்குள் அடங்கிக் கிடந்தது. இன்று அது மதிலைத் தாண்டிச் சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழ அமைந்த மாவடிப்பள்ளியிலும், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய அயலூர்களிலும், கைப்பேசி ஒன்றை வைத்துக்கொண்டு படம் பிடிக்கும் பிள்ளைகளைக் காணலாம். அவர்களுட் பலர் பெரிதும் விரும்புவது மாயக் கதை. ஜின்னும், மறைந்த நகரமும், பேசும் பறவையும் இல்லாத கதை அவர்களுக்குச் சுவைப்பதில்லை.

படத்துக்குப் பல மாதம் உழைக்கும் இப்பிள்ளைகள், அதன் முன்னோட்டத்துக்கு ஓர் இரவையே ஒதுக்குகின்றனர். அந்த ஓர் இரவின் அவசரத்தில், எங்கோ கேட்ட இசை ஒன்று வந்து ஒட்டிக்கொள்கிறது. கைக்கு எட்டிய எழுத்து ஒன்று தலைப்பாகிவிடுகிறது. உழைத்தவர்களுட் சிலருடைய பெயர் விடுபட்டுப் போகிறது. இம்மூன்றையும் எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதையே இன்று நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முன்னோட்டம் என்பதை ஆங்கிலத்தில் டிரெய்லர் என்பர். பின்னால் இழுபட்டு வருவது என்பது அச்சொல்லின் பொருள். 1913 ஆம் ஆண்டில், நியூயோர்க்கிலே மார்கஸ் லோ என்பாருடைய அரங்குகளின் விளம்பரப் பொறுப்பை ஏற்றிருந்த நில்ஸ் கிரான்லண்ட், வரவிருந்த இசைநாடகம் ஒன்றுக்காகச் சிறு படத்துண்டு ஒன்றைச் செய்து காட்டினார். இத்தகைய துண்டுகள் தொடக்கக் காலத்தில் படம் முடிந்த பின்னரே காட்டப்பட்டன. படம் முடிந்ததும் மக்கள் எழுந்து போய்விடுவர் அல்லவா? ஆகவே அவை படத்துக்கு முன்னே கொணரப்பட்டன. பெயர் மட்டும் மாறாது நின்றுவிட்டது. தமிழில் நாம் முன்னோட்டம் என்று வழங்குவது அதன் பணிக்கு மிகப் பொருத்தமானது.

மாயக் கதையின் முன்னோட்டத்துக்குத் தனியான கடினம் ஒன்று உண்டு. உலகில் இல்லாத ஒன்றை இரண்டு நிமிடத்துக்குள் நம்பச் செய்தல் வேண்டும். 1951 இல் வெளிவந்த பாதாள பைரவியும், 1957 இல் வெளிவந்த மாயா பஜாரும் இன்றும் நம்மை மயக்குகின்றன. அவற்றைப் படம்பிடித்த மார்கஸ் பார்ட்லியிடம் கணினி இருக்கவில்லை. ஆயின் தேர்ந்த கலைஞரும் பெரிய படநிலையமும் இருந்தனர். பள்ளிப் பிள்ளையிடம் இரண்டும் இல்லை. அவனுடைய மாய நகரம் அட்டையால் ஆனது. அவளுடைய ஜின் போர்த்திருப்பது வீட்டுத் திரைச்சீலை. கண்ணுக்குக் குறைவாகத் தெரிவதைச் செவிக்கு நிறைவாகத் தருவது இசை. ‘இது விளையாட்டன்று, நாங்கள் எண்ணிச் செய்தது’ என்று உறுதி கூறுவது எழுத்து. ஆகவே, பொருட்செலவு குறைந்த படத்துக்கே இவை அதிகம் வேண்டப்படுகின்றன.

முதலில் இசையை நோக்குவோம். முன்னோட்டத்தின் இசை படத்தின் இசையாகவே இருத்தல் வேண்டும் என்பதில்லை. 2002 ஆம் ஆண்டின் ‘தி டூ டவர்ஸ்’ என்னும் மாயக்கதைப் படத்தின் முன்னோட்டத்துக்கு, 2000 ஆம் ஆண்டில் வேறொரு படத்துக்காக கிளின்ட் மான்செல் அமைத்த இசையைப் பெரிய வாத்தியக் குழுவுக்கு ஏற்ப மாற்றிப் பயன்படுத்தினர். இதனைக் கண்ட பிள்ளைகள், “அவர்கள் எடுக்கலாம் என்றால் நாங்கள் எடுக்கக் கூடாதா?” என்று கேட்கின்றனர். அவர்கள் உரியவரிடம் உரிமை பெற்று எடுத்தனர் என்பதே விடை.

நம் நாட்டில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஓர் இசையமைப்புக்கு, அதனை ஆக்கியவர் வாழும் காலமும், அவர் மறைந்த பின் 70 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அந்த இசையை ஒருவர் ஒலிப்பதிவு செய்து வெளியிட்டால், அப்பதிவுக்குத் தனியாக 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஒரே பாட்டில் இரண்டு உரிமைகள் இவ்வாறு அடங்கியுள்ளன. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவேன். நோர்வே நாட்டு எட்வர்ட் கிரீக், மலையரசனின் மண்டபம் பற்றி ஆக்கிய இசை மாயக் கதைக்கென்றே பிறந்தது போன்றது. மெல்லத் தொடங்கி, படிப்படியாக விரைந்து, இடியென முடிவது. கிரீக் 1907 இல் மறைந்தார். ஆகவே அவ்விசையமைப்பு இன்று யாவர்க்கும் பொதுவானது. ஆனால் சென்ற ஆண்டில் ஒரு குழுவினர் அதனை வாசித்து வெளியிட்ட பதிவு அவர்களுக்கே உரியது. பிள்ளைகள் தாமே வாசித்துப் பதிவு செய்யலாம். பிறர் பதிவை அப்படியே எடுத்தல் ஆகாது. மாறாக, 1981 ஆம் ஆண்டின் ‘எக்ஸ்காலிபர்’ படத்தில் ஒலித்துப் புகழ்பெற்ற கார்ல் ஓர்ஃபின் குழுப்பாடல் இசையைப் பாருங்கள். ஓர்ஃப் 1982 இல் மறைந்தவர். அவருடைய இசை 2052 ஆம் ஆண்டின் இறுதிவரை காவலுக்குள் இருக்கிறது. பழமையாக ஒலிப்பதெல்லாம் பழமையானதன்று.

கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆயின் வகுப்பறையில் பொருந்துவது இணையத்திலும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. யூடியூப் தளத்தில் உரிமையுள்ள இசையைத் தானே கண்டறியும் ஏற்பாடு 2007 முதல் இருந்து வருகிறது. பல மாத உழைப்பு ஒலியின்றி ஊமையாக நிற்பதும், முற்றாகத் தடுக்கப்படுவதும் அதனால் நேரலாம்.

நல்ல வழி ஒன்று உண்டு. ‘கிரியேட்டிவ் கொமன்ஸ்’ என்னும் பொது உரிமங்கள் 2002 முதல் வழங்கி வருகின்றன. இவ்வுரிமத்துடன் தம் இசையை வெளியிடுவோர், எந்த நிபந்தனையின்கீழ்ப் பிறர் பயன்படுத்தலாம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். சில உரிமங்கள் ஆக்கியோர் பெயரைச் சொன்னாற் போதும் என்கின்றன. சில, வணிகத்துக்கு உதவாது என்கின்றன. ‘மாற்றம் செய்யலாகாது’ என்று விதிக்கும் உரிமத்தில் மட்டும் பிள்ளைகள் விழிப்பாயிருத்தல் வேண்டும். இசையின் ஓரெழுத்தையும் தொடாவிட்டாலும், அதனை அசையும் படத்தோடு இணைத்து ஓடச் செய்வதே மாற்றம் என்று அவ்வுரிமங்கள் வரையறுக்கின்றன. ஆகவே அத்தகைய இசை திரைப்படத்துக்கு உதவாது. ‘அதே உரிமத்தில் பகிர்க’ என்று கூறும் இசையை எடுத்தால், நம் முன்னோட்டத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டியிருக்கும். இந்நாளில் இயந்திரமே இசை அமைத்துத் தருகிறது. அதனைக் கையாளுவோர் அதற்குரிய நிபந்தனைகளைப் படித்து, ‘இது இயந்திரத்தால் ஆக்கப்பட்டது’ என்று வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று.

இனி, கடன் வாங்காத இசையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். நம் கரையோரம் ஒலிக்கு வறுமைப்பட்ட நாடன்று. வட்டமாக நின்று கம்போடு கம்பு மோத ஆடும் பொல்லடியின் தாளம் போர்க் காட்சிக்குப் போதுமானது. நோன்பு காலத்தில் சஹர் வேளையில் பக்கீர்மார் றபான் தட்டிப் பாடிவரும் ஓசை, இருளிலே யாரோ நெருங்குகிறார் என்ற உணர்வைத் தரவல்லது. திருமண வீடுகளில் மூத்த பெண்கள் இட்ட குரவை ஒலியை, ஜின்களின் கூட்டத்துக்கு அன்றி வேறு எதற்கு வைப்பது? கடலிரைச்சலும், விளைந்த நெல்லில் காற்று உரசும் ஒலியும் காசு கேளாதவை. இசைக்கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சில பெற்றோர் அவற்றை விரும்புவதில்லை. அதனை ஏளனம் செய்வதும் முறையன்று, அவர்களுக்குத் தெரியாமற் செய்வதும் முறையன்று. மனிதக் குரலும் றபானும் இயற்கை ஒலியும் கொண்டே நிறைவான முன்னோட்டம் ஒன்றை அமைக்கலாம். பக்கீர் ஒருவர் பாடுவதைப் பதிவு செய்வதாயின் அவரிடமும் அனுமதி கேட்டல் வேண்டும். சென்னையில் உள்ள இசையமைப்பாளருக்கு ஒரு நீதி, நம் தெருவில் பாடுபவருக்கு மற்றொரு நீதி என்று இருத்தல் ஆகாது.

இசை எதுவாயினும் அதனை மூன்று பகுதியாக அமைப்பது நலம். மெல்லிய தொடக்கம், வளர்ந்து பெருகும் நடுப்பகுதி, திடீரென நின்றுவிடும் முடிவு. அந்த நிறுத்தத்தில் எழும் அமைதியிலேதான் படத்தின் தலைப்புத் தோன்ற வேண்டும். தொடக்கம் முதல் இறுதிவரை முழங்கிக்கொண்டிருக்கும் இசையில் தலைப்பு மூழ்கிப்போகும்.

தலைப்பு என்றதும் எழுத்துரு பற்றிய எண்ணம் எழுகிறது. 2009 ஆம் ஆண்டின் ‘அவதார்’ மிகுந்த பொருட்செலவில் ஆக்கப்பட்ட படம். அதன் தலைப்புக்கு, கிறிஸ் கொஸ்டெல்லோ 1982 இல் வரைந்த ‘பப்பைரஸ்’ என்னும் எழுத்துருவைச் சற்றே மாற்றிப் பயன்படுத்தினர். கடைப் பலகையிலும் அழைப்பிதழிலும் எல்லோரும் கண்டு சலித்த எழுத்து அது. புதிய உலகம் ஒன்றைக் காட்டும் படத்துக்கு இதுதானா எழுத்து என்று பலர் நகைத்தனர். பிள்ளைகளுக்கு இதிற் பாடம் உண்டு. கணினி திறந்தவுடன் முதலில் தென்படும் எழுத்துரு, மற்றவர் கணினியிலும் முதலில் தென்படுவதே.

தமிழ் எழுத்துக்கென்று சில விதிகள் உண்டு. முதலாவது, புள்ளி. ஓலைச் சுவடிகளிலே புள்ளி இடாமல் எழுதுவது வழக்கமாயிருந்தது. படிப்போர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். திரையில் இரண்டு நொடி தோன்றும் தலைப்பில் அவ்வாறு உணர நேரம் ஏது? மெல்லிய எழுத்துருவில் புள்ளி மறைந்தால் ‘கண்’ என்பது ‘கண’ ஆகிவிடும். இரண்டாவது, கொம்பு. சில படத்தொகுப்பு மென்பொருள்கள் தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்க அறியாதவை. ‘தேவதை’ என்று எழுதினால் இரட்டைக் கொம்பு தகரத்தின் முன் நில்லாது பின்னே போய் நிற்கும். அவ்வாறாயின் தலைப்பைத் தமிழ் நன்கு எழுதும் வேறொரு மென்பொருளில் எழுதி, படமாகச் சேமித்து, பின்னர் முன்னோட்டத்தில் ஒட்டுதல் வேண்டும். மூன்றாவது, பழைய வரிவடிவம். தமிழ்நாட்டில் 1978 இல் அரசு ணை, லை, னா முதலிய 13 எழுத்துகளைச் சீர்திருத்தியது. அதற்கு முந்திய வடிவங்கள் பழமைச் சுவை தருவன என்பது உண்மை. ஆயினும் இன்றைய சிறுவர் அவற்றைப் படிக்கத் தடுமாறுவர். கதையினுள்ளே காட்டப்படும் ஓலையில் அவை வரட்டும், தலைப்பில் வேண்டா.

எழுத்துருவுக்கும் உரிமை உண்டு. கவிவனார், மீரா இனிமை, அரிமா மதுரை, பலூ தம்பி முதலியவை திறந்த உரிமத்தில் வெளிவந்தவை, தடையின்றிப் பயன்படுத்தலாம். ஜின் கதை என்பதற்காகத் தமிழ் எழுத்தை அரபு எழுத்துப் போல வளைத்து எழுதும் ஆசை பிள்ளைகளுக்கு இயல்பாகவே எழும். தமிழை அரபு எழுத்திலேயே எழுதிய அரபுத்தமிழ் மரபு நம் முன்னோருக்கு இருந்தது. அது கற்றோர் கையாண்ட முறையான எழுத்து. ஒன்றுமாகாது நடுவே நிற்கும் போலி எழுத்தைவிட, கையெழுத்து அழகாயுள்ள மாணவி ஒருத்தி தூரிகையால் தாளில் எழுதிய தலைப்பு மேலானது. எதனைத் தெரிந்தாலும், திரையில் உள்ளதை உரக்க இருமுறை படித்து முடிக்கும் நேரம் அது அங்கே நிற்றல் வேண்டும். கைப்பேசியின் சிறிய திரையிலும் ஒருமுறை பார்த்துவிடுதல் வேண்டும்.

மூன்றாவதாக, பெயர்கள். இதுவே யாவற்றிலும் நுட்பமானது. பெயர் இடுவது பற்றிப் பெரியோரும் பூசலிட்டுள்ளனர். 1980 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்கத்தில் இடாது இறுதியில் இட்டமைக்காக, இயக்குநர் சங்கம் ஜார்ஜ் லூகாஸ்மீது நடவடிக்கை எடுத்தது. அவர் தண்டம் செலுத்திவிட்டுச் சங்கத்தை விட்டு விலகினார். நம் சட்டத்திலும், ஆக்கியோன் தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை தார்மிக உரிமையாக ஏற்கப்பட்டுள்ளது.

முன்னோட்டத்தில் எல்லாப் பெயரும் அடங்கா. படத்தின் பெயர், பாடசாலையின் பெயர், எழுதி இயக்கியோர், இசைக்கு உரியோர் என்ற அளவில் நிறுத்தலாம். முழுப் பட்டியல் படத்தின் இறுதியில் வரட்டும். ஆனால் அப்பட்டியலை யார் எழுதுவது? பெரும்பாலும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவனே எழுதுகிறான். தன் பெயரை மூன்று இடத்தில் இட்டுக்கொள்ளும் அவனுக்கு, வெயிலில் விளக்குத் தகடு பிடித்து நின்ற சிறுவன் நினைவுக்கு வருவதில்லை. ஜின்னின் உடையைத் தைத்துத் தந்த தாயும், வள்ளம் கொடுத்துதவிய மீனவரும் நினைவுக்கு வருவதில்லை. அதிபர், ஆசிரியர் பெயர்கள் மட்டும் பெரிய எழுத்தில் முன்னே நிற்கின்றன. இவ்வரிசையை மாற்றுதல் வேண்டும் என்பது என் கருத்து. பட்டியலைக் குழு முழுவதும் கூடியிருந்து எழுத வேண்டும். படப்பிடிப்பின் முதல் நாள் தொட்டே, அன்றன்று உதவியோர் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதிவர வேண்டும்.

பெயரின் எழுத்திலும் கவனம் வேண்டும். ‘ரியாஸ்’ வேறு, ‘றியாஸ்’ வேறு. அவரவர் எழுதுவதே அவரவர் பெயர். ஆகவே ஒவ்வொருவரும் தம் பெயரைத் தம் கையால் எழுதித் தரட்டும். இணையத்தில் வெளியாகும் படத்தில் பிள்ளையின் முகமும் பெயரும் வருவதற்குப் பெற்றோர் இசைவு பெறுதல் கடமை. முழுப்பெயர் வேண்டா என்போருக்கு முதலெழுத்துகள் போதும்.

முன்னோட்டம் என்பது ஒரு வாக்குறுதி. எம் படத்தில் இன்னது உண்டு, வந்து பாருங்கள் என்று கூறுவது அது. வாக்குறுதி தருவோன் கையில் இருப்பது அவனுக்கு உரியதாயிருத்தல் வேண்டும். சொல்வது பிறர்க்கு விளங்குதல் வேண்டும். உடன் உழைத்தோரை மறவாதிருத்தல் வேண்டும். உரிமையுள்ள இசையும், படிக்கத்தக்க எழுத்தும், விடுபடாத பெயர்ப்பட்டியலும் வேண்டும் என்பது இதனாலேயே. நம் பிள்ளைகளுட் பலர் பின்னாளில் திரைப்படம் எடுக்கப்போவதில்லை. அவர்கள் வேளாண்மை செய்வர், கடை நடத்துவர், அலுவலகங்களில் பணியாற்றுவர். அங்கெல்லாம் பிறர் உழைப்பை எடுத்தாளுமுன் கேட்கவும், எடுத்த பின் சொல்லவும் தெரிந்தவர்களாக விளங்குவார்களாயின், இரண்டு நிமிட முன்னோட்டத்துக்காக அவர்கள் செலவிட்ட நாட்கள் வீணாகமாட்டா.