வாக்குச்சீட்டின் கதை – 9: கையெழுத்துப் போட மறுத்தவர்

1862 மே 13 அன்று, விடிவதற்கு முன், கேப்டனின் தொப்பியை மாட்டிக்கொண்டு 'பிளாண்டர்' கப்பலைச் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ஓட்டிச் சென்ற அடிமை ராபர்ட் ஸ்மால்ஸைச் சென்ற வாரம் பார்த்தோம். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அந்த இரவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 23. அதன்பின் 50 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவருடைய பெரிய போர் அந்த ஆண்டுகளில்தான் நடந்தது என்பேன்.

கப்பலை வடக்கு மாநிலங்களின் படையிடம் ஒப்படைத்ததற்கு அரசு தந்த பரிசுப் பணம் கையில் இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன்பே சொந்த ஊரான போஃபர்ட்டில், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த ஒரு வீட்டை வாங்கினார். அவருடைய தாய் லிடியா அடிமையாக வேலை செய்த எஜமானரின் வீடு அது. அந்த ஏலம் செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1878இல் ஸ்மால்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

அடிமைக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே தென் கரோலினாவில் குற்றமாக இருந்தது. கப்பலை ஓட்டிவந்த நாளில் ஸ்மால்ஸுக்கும் எழுத்து தெரியாது. வளர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டார். அப்படிப்பட்டவர் 1868இல் மாநில அரசியல் சட்ட மாநாட்டுக்குப் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயப் பள்ளி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவர் செய்தவற்றில் நான் முதலில் வைப்பது இதைத்தான்.

பிறகு மாநிலச் சட்டமன்றம். 1875 முதல் 1887க்குள், இடைவெளிகளுடன், ஐந்து முறை வாஷிங்டன் நாடாளுமன்றம். நடுவே 1877இல், 5,000 டாலர் லஞ்சம் வாங்கியதாக மூன்றாண்டுச் சிறைத் தண்டனை. மாநில ஆட்சி எதிரிகளான ஜனநாயகக் கட்சியினரின் கைக்குப் போன அதே ஆண்டில் வந்த தீர்ப்பு இது. 1879இல் மன்னிப்புக் கிடைத்தது. தேர்தல் முறைகேட்டுக்காக அக்கட்சியினர்மேல் இருந்த வழக்குகளைக் கைவிடுவது அதற்கு ஈடாகப் பேசப்பட்டது. நியாயம் தேடி நடந்த விசாரணையாக இது எனக்குத் தோன்றவில்லை.

1895இல் தென் கரோலினா மறுபடியும் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தது. கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிப்பதே நோக்கம். முன்னின்று நடத்தியவர் பென் டில்மன். 160 பிரதிநிதிகளில் கறுப்பினத்தவர் ஆறே பேர். கலப்புத் திருமணத்துக்குத் தடை பற்றிய விவாதத்தில் ஸ்மால்ஸ் எழுந்து ஒரு திருத்தம் சொன்னார்: கறுப்பினப் பெண்ணோடு கூடிவாழும் வெள்ளையர் எவரும் அரசுப் பதவி வகிக்கக் கூடாது, அவளுக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் பெயரும் சொத்துரிமையும் வேண்டும். எஜமானர்களின் வீட்டுக் கொல்லையில் தலைமுறைகளாக நடந்தது என்ன என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். திருத்தம் ஏற்கப்படவில்லை.

சட்டம் நிறைவேறியது. வாக்காளராகப் பதிய, எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையேல் 300 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். படிப்பைச் சோதிக்கும் அதிகாரம் பதிவு அலுவலர் கையில். ஸ்மால்ஸ் அதில் கையெழுத்துப் போடவில்லை. போடாதவர்களுக்குப் பயணப்படி இல்லை என்ற பேச்சு எழுந்தபோது, போஃபர்ட்டுக்கு நடந்தே போய்விடுவேன் என்றார்.

போஃபர்ட் துறைமுகச் சுங்க அதிகாரியாக 1913 வரை, ஒரு இடைவெளி தவிர, பணியாற்றினார். 1915 பிப்ரவரியில் காலமானார். தென் கரோலினாவின் கடைசிக் கறுப்பின உறுப்பினர் 1897இல் நாடாளுமன்றத்தை விட்டுப் போன பிறகு, அங்கிருந்து அடுத்தவர் நுழைந்தது 1993இல்தான்.

(தொடரும்)